ஹாரன் இல்லாத வண்டி

"பயமா இருக்குதுங்க, அம்மிணி."

நஸ்ரீன் குனிந்து லாரி டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதைப் பாத்துங்கண்ணா?"

"முதுகைப் பாத்து."

"யார் முதுகு?"

"முன்னாடி போற வண்டியோட முதுகுங்க. எந்த வண்டியா இருந்தாலும் சரி, கிட்டப் போனாப் போதும். கால் தன்னால ஆக்சிலேட்டரை விட்டுருது."

நஸ்ரீன் அடுத்த டயருக்குப் போனாள். குழந்தைவேலுவும் பின்னாலேயே போனான்.

"நெஞ்சு அடிக்கறது ஹெல்மெட்டுக்குள்ள கேக்குதுங்க. கையுறைக்குள்ள வேர்த்து ஊத்துது. நான் பயந்தவனா அம்மிணி? சங்ககிரியில போயி யாரை வேணாக் கேளுங்க."

"கேக்க வேண்டாம். தெரியும்."

சங்ககிரிக்காரன், நாற்பத்து மூன்று வயசு, அதில் இருபத்திரண்டு வருஷம் லாரி. இதைச் சொன்னாலே பாதி ஆள் புரிந்துபோகும். டெல்லி, கல்கத்தா எல்லாம் அவனுக்குக் கொல்லைப்புறம். முன்னால் ஒரு வண்டி போனால், அதை முந்தாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

கோயமுத்தூருக்கு வெளியே ஓர் ஓடுதளத்தில் ஒரு கம்பெனி லாரிப் பந்தயம் நடத்தியது. ரோட்டில் ஓட்டுகிற டிரைவர்களையே பொறுக்கி எடுத்தார்கள். எண்ணூறு பேர் வந்து பன்னிரண்டு பேர் தேறினார்கள். வேலு ஒருத்தன். மாசச் சம்பளம், நெஞ்சில் பேர் தைத்த சட்டை. சொல்லித்தர நஸ்ரீனை வைத்தார்கள். உக்கடத்துப் பெண், வயசு இருபத்தொன்பது. கார்ப் பந்தயங்களில் கோப்பை வாங்கியவள்.

முதல் நாள் ஒரு டிரைவர், "இந்தப் புள்ள நமக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக்குடுக்குதாம்!" என்று சிரித்தார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நஸ்ரீன் ஒரே ஒரு சுற்று ஓட்டினாள். இறங்கினவர் சாயங்காலம் வரைக்கும் யாரோடும் பேசவில்லை. மறுநாள் அவளைக் கண்டதும், "வாங்க டீச்சர்" என்று எழுந்து நின்றார்.

அவளிடம் ஒரு பழக்கம். கேட்ட கேள்விக்கு வாயால் பதில் வராது.

*

ரெண்டு மாசத்துக்கு முன்னால் நடந்தது அது.

நாலாவது வளைவு, வலப்பக்கம் திரும்புவது. முன்னால் மாதப்பன், தருமபுரிக்காரன். பின்னால் வேலு. வளைவின் உள்பக்கம் ஒரு லாரி நுழைகிற அளவுக்கு இடம் தெரிந்தது. நுழைந்தான்.

மாதப்பன் திரும்பினான்.

அடுத்து வேலுவுக்கு நினைவில் இருப்பது, தான் இறங்கி ஓடியதுதான். மாதப்பனின் லாரி ஒருக்களித்துச் சாய்ந்து, ஓரத்தில் டயர் அடுக்கிய சுவரில் கிடந்தது. பின் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கேபினுக்குள்ளிருந்து ஒரு முனகல்கூட இல்லை. 'மாதப்பா' என்று கூப்பிட வாயெடுத்தான். கூப்பிட்டுப் பதில் வராமல் போனால்?

கூப்பிடவில்லை. அப்படியே நின்றான்.

விலாவில் ரெண்டு, தோள்பட்டையில் ஒன்று என்று எலும்பு முறிந்ததோடு மாதப்பன் தப்பித்தான். அதிகாரிகள் வீடியோவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார்கள். 'யார் மேலும் தப்பில்லை, பந்தயத்தில் நடப்பதுதான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

"ஒரு தண்டனை குடுத்திருந்தா அதை அனுபவிச்சிட்டு எந்திரிச்சிருப்பனுங்க. சும்மா விட்டுட்டாங்க" என்றான் வேலு.

நஸ்ரீன் நாலாவது டயரை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அம்மிணி. அந்த வளைவு எப்ப எனக்குச் சொந்தம்?"

இதற்கு மட்டும் பதில் வந்தது.

"உங்க முன்டயர் அவரு கதவுக்கு நேரா வந்துட்டா, அவரு உங்களுக்கு இடம் விடணும். புஸ்தகத்துல இருக்குது."

"வந்திருந்துச்சே!"

"ஆமா. வந்திருந்துச்சு."

"அப்பறம் எதுக்குங்க திரும்பினான்?"

நஸ்ரீன் கையைத் துடைத்தாள். வேலுவே தொடர்ந்தான்.

"நான் வந்தது அவனுக்குத் தெரியல. அதானுங்க விசயம். ரோடா இருந்தா ரெண்டு அமுக்கு அமுக்கியிருப்பேன், ஒதுங்கியிருப்பான். இந்த வண்டியில ஹாரனே இல்லீங்களே!"

பந்தய லாரியில் ஹாரன் கிடையாது. ஆனால் கைக்கு அது தெரிய வேண்டுமே? ஒவ்வொரு தடவை முந்தும்போதும் வேலுவின் கட்டைவிரல் ஸ்டியரிங்கின் நடுவில் போய் அமுக்கும். ஒன்றும் கத்தாது. அந்த இடைவெளியில்தான் பயம் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

"ஹாரன் இருந்தா பயம் போயிருமுங்களாண்ணா?"

"போயிருமுங்க."

"சரி" என்றாள் நஸ்ரீன்.

*

மறுநாள் காலையில் மெக்கானிக் பொன்ராசு வேலுவின் லாரிக் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தான். கையில் நாலு குழல் வைத்த ஏர் ஹாரன்.

"என்னடா பண்றே?"

"டீச்சர் மாட்டச் சொன்னாங்கண்ணா. முன்னாடி எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டிரட்டுமா? பின்னாடி 'ஒலி எழுப்பவும்'னு எழுதிட்டா அப்படியே சேலத்துக்கு லோடு ஏத்திரலாம்."

"எறங்குடா கீழ."

ஆனால் வேலுவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஏறி உட்கார்ந்து ஒரு தடவை அமுக்கினான். ஓடுதளத்து வேலி மேலிருந்த காக்கையெல்லாம் எழுந்து பறந்தது.

"பயிற்சிக்கு மட்டுந்தான்" என்றாள் நஸ்ரீன். "நான் முன்னாடி போறேன். நீங்க வாங்க."

போனார்கள்.

வேலு கிட்டப் போய் ஹாரனை அமுக்கினான். நஸ்ரீன் ஒதுங்கினாள். முந்தினான். அவள் மறுபடி முன்னால் வந்தாள். அமுக்கினான். ஒதுங்கினாள். நேர்ப்பாதையில் முந்தினான், வளைவில் முந்தினான், நாலாவது வளைவிலும் முந்தினான். கால் ஒரு தடவைகூட எழும்பவில்லை. ரெண்டு மாசத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தான்.

"பாத்தீங்களா அம்மிணி! நான் சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க. இப்ப வண்டியை மாத்திக்கலாம்."

வேலு ஹாரன் இல்லாத லாரியில் ஏறி முன்னால் போனான். நஸ்ரீன் ஹாரன் லாரியில் பின்னால் வந்தாள்.

முதல் சுற்றில் ஒன்றுமில்லை. கண்ணாடியில் அவள் வண்டி சின்னதாகத் தெரிந்தது. கொஞ்சம் பெரிசானது. பிறகு கண்ணாடி முழுக்க அதுதான்.

ஹாரன் அடித்தது.

வேலு இடது பக்கம் ஒதுங்கினான். ஒதுங்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. கை ஒதுங்கியது.

அவள் முந்தவில்லை. பின்னாலேயே நின்று இன்னொரு தடவை அடித்தாள்.

இன்னும் ஒதுங்கினான். நீளமாக அடித்தாள். வளைவு வந்தது. ஹாரன் நிற்கவில்லை. முதுகெலும்பு வழியாக ஏறிப் பல்லில் வந்து அதிர்ந்தது. எந்தப் பக்கம் வருவாள்? கண்ணாடியைப் பார்த்தான். வலமா? மறுபடி பார்த்தான். இடமா? முன்னால் பார்த்தபோது பாதை அங்கே இல்லை. இடது சக்கரம் ரெண்டும் மண்ணில் இறங்கி, வண்டி குதித்தது. டயர்ச் சுவர் கண்ணுக்கு நேரே ஓடி வந்தது.

பிரேக்கில் ஏறி நின்றான். சுவருக்கு நாலடி முன்னால் வண்டி நின்றது.

இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான்.

நஸ்ரீன் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள்.

"எதுக்குங்க அப்படி அடிச்சீங்க?" வேலுவின் குரல் கிழிந்திருந்தது. "நான்தான் ஒதுங்கினனே! முந்திப் போக வேண்டியதுதானே!"

"நான் வர்றது உங்களுக்குத் தெரியுதோ இல்லையோன்னு."

"தெரியாமயா! மொத அமுக்குலயே தெரிஞ்சுதுங்க. அதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது! கண்ணாடி பூரா நீங்கதான இருந்தீங்க! ரோட்டையே பாக்கல நானு, உங்களையேதான் பாத்துட்டு..."

நிறுத்தினான்.

நஸ்ரீன் திரும்பி, "பொன்ராசு, ஹாரனைக் கழட்டிருங்க" என்று கத்தினாள்.

"அப்ப மாதப்பனுக்கும்..." என்றான் வேலு.

"அதை என்னைக் கேட்டா?" என்றாள் அவள். "சனிக்கிழமை வர்றாரு. அவர்கிட்டயே கேளுங்க."

*

சனிக்கிழமை மாதப்பன் வந்தான். இளைத்திருந்தான். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. டாக்டர் சீட்டைக் காட்டி ஓட்ட அனுமதி வாங்கினான். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் யார் பின்னால் யார் நிற்பது என்று முடிவு பண்ண, ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஓடவிட்டு நேரம் பார்த்தார்கள். மாதப்பன் மூன்றாவது, வேலு நாலாவது.

அப்படியென்றால் நாளைக்கு வேலுவின் கண்ணெதிரே நிற்கப்போவது மாதப்பனின் முதுகு.

கம்பெனி மேனேஜர் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினார். "நாளைக்கு வர்ற முதல் மூணு பேருக்குத்தான் அடுத்த வருஷம் இடம். மத்தவங்க அவங்கவங்க லாரிக்கே போயிரலாம். இதுல வருத்தம் வேண்டாம்."

வேலு அவர் பேசியதைக் கேட்டான். ஆனால் அவன் கண் அங்கே இல்லை. மாதப்பன் இடது கையால் சட்டைப் பித்தானைப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் மாதப்பன் டீக்கடை பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான். வேலு ரெண்டு தடவை அந்தப் பக்கம் போய்விட்டு, மூன்றாம் தடவை நின்றான்.

"மாதப்பா."

"வாங்கண்ணா. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம்." உட்காரவில்லை. "ஆஸ்பத்திரிக்கு வரோணும்னுதான் இருந்தேன்."

"வாசல் வரைக்கும் வந்தீங்களாமே. வாட்ச்மேன் சொன்னாரு. சங்ககிரிப் பேச்சுல ஒருத்தர் ஆரஞ்சுப் பையோட நிக்கறாருன்னு."

வேலு தரையைப் பார்த்தான்.

"அந்த ஆரஞ்சு என்னாண்ணா ஆச்சு?"

"நானே தின்னுட்டேன்."

மாதப்பன் சிரித்தான். சிரிக்கும்போது கை விலாவைப் பிடித்துக்கொண்டது. வேலுவுக்கு அது தாங்கவில்லை. கேட்டுவிட்டான்.

"அன்னைக்கி நான் உள்ள வந்தது உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எப்ப?"

"நீங்க வரலாம்னு நினைச்சீங்க பாருங்க, அப்பவே."

"அப்பறம் எதுக்குய்யா திரும்பினே?"

மாதப்பன் டீயைக் கீழே வைத்தான்.

"உங்க ஹாரன் எனக்குப் பதினாறு வருஷமாத் தெரியும்ணா. தருமபுரி ரோட்டுல நாங்க நாலஞ்சு பேரு லோடு அடிப்போம். பின்னாடி அந்தச் சத்தம் கேட்டாலே, 'சங்ககிரிக்காரன் வந்துட்டான்டா'ன்னு இடது பக்கம் மண்ணுல இறங்கிடுவோம். ஒரு தடவை இறங்கினப்ப அந்த மண்ணுல ஒரு பெரியவரு சைக்கிள்ல போயிட்டிருந்தாரு."

வேலு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"தப்பிச்சுட்டாரு" என்றான் மாதப்பன். "பள்ளத்துல குதிச்சுட்டாரு. சைக்கிள் என் பின்டயர்ல போச்சு. நான் நிறுத்தி, அவரைத் தூக்கி, அவரு அடிச்ச அடியை வாங்கிட்டு நின்னேன். நிமிர்ந்து பாத்தா ரோடு காலியா இருந்துச்சு."

"எனக்கு... எனக்குத் தெரியாதுய்யா."

"எப்படித் தெரியும்? நீங்க போயிட்டீங்க."

டீக்கடையில் யாரோ பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார்கள். அந்தச் சத்தத்துக்கு வேலு திடுக்கிட்டான்.

"இங்க ஆள் எடுக்கறாங்கன்னப்ப எங்க ஊரு பையன் ஒருத்தன் சொன்னான், அந்த வண்டியில ஹாரன் கிடையாதாம்னு. அதுக்குத்தான்ணா வந்தேன். சம்பளத்துக்கு இல்ல." மாதப்பன் தோளைத் தடவிக்கொண்டான். "அன்னைக்கி நீங்க உள்ள வந்தீங்க. முறைப்படி நான் இடம் விட்டிருக்கணும். அது என் தப்புதான். ஆனா கை ஒதுங்கப் போச்சு பாருங்க, அந்தப் பழைய கை, அப்ப எனக்கு ஒரு வேகம் வந்துருச்சு. இன்னைக்காவது ஒதுங்கக் கூடாதுன்னு."

"செத்திருப்பியே."

"ஆமா. எலும்பு ஒடஞ்சப்பறம்தான் அது தோணுச்சு."

வேலு கேட்டான்: "நாளைக்கி நான் பக்கத்துல வந்தா இடம் விடுவியா?"

மாதப்பன் அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்க எனக்கு விடுவீங்களாண்ணா?"

வேலுவுக்கு 'விடுவேன்' என்று சொல்ல ஆசைதான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது விட்டிருக்கிறோமா என்று மனசுக்குள் தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. நாளைக்கும் விடாமல் போய்விடுவோமோ என்ற பயம்தான் அவனை அங்கிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனது.

நேரே நஸ்ரீனிடம் வந்தான். பட்டறையில் அவள் கணக்குப் பலகையில் சுற்று நேரங்களை எழுதிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கி நான் என்ன பண்ணட்டுங்க அம்மிணி?"

"பிரேக் புதுசு போட்டிருக்குது. மொத ரெண்டு சுத்து மெதுவாப் புடிங்க."

"அதைக் கேக்கலீங்க."

"தெரியும்" என்றாள் அவள். எழுதிக்கொண்டே இருந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை. பத்துச் சுற்று.

கொடி இறங்கியது. பன்னிரண்டு லாரியும் ஒரே நேரத்தில் உறுமினால் காதுக்குக் கேட்பதில்லை, வயிற்றுக்குத்தான் கேட்கும். முதல் ரெண்டு சுற்று பிரேக்கை மெதுவாகப் பிடித்தான். மாதப்பனின் முதுகு முன்னாலேயே போனது. கிட்டப் போனால் கால் எழும்பியது. விலகினான். மறுபடி போனான். மறுபடி எழும்பியது.

அஞ்சு. ஆறு. ஏழு.

பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. இப்படியே நாலாவதாகப் போய் முடித்துவிடலாம், யாரும் சாக மாட்டார்கள் என்று ஒரு குரல் சொன்னது. அது நல்ல குரல்போலத்தான் இருந்தது. அதைக் கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

பத்தாவது சுற்று. நாலாவது வளைவு.

மாதப்பன் கொஞ்சம் முன்னதாகவே பிரேக் போட்டான். தோள் வலித்திருக்க வேண்டும். உள்பக்கம் இடம் திறந்தது.

வேலுவின் கால் எழும்பவில்லை. பயம் போய்விட்டதா என்றால், இல்லை, தொண்டை வரைக்கும் இருந்தது. இருந்தும் கால் இருந்த இடத்தில் இருந்தது.

முன்டயர் மாதப்பனின் கதவுக்கு நேரே வந்தது.

வேலு இடது ஜன்னல் வழியாகப் பார்த்தான். அந்தப் பக்க ஜன்னலில் மாதப்பன் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும்தான் தெரிந்தது. அது அகன்று, இமைக்காமல் இருந்தது.

மாதப்பன் திரும்பவில்லை. இடம் விட்டான். அளந்து, ஒரு லாரி அகலம்.

இனி வேலுவின் கையில்தான் இருந்தது. வளைவு முடிகிற இடத்தில் வண்டியை அதன் இழுப்புக்கு இடது பக்கமாக அகலமாக விட்டால் வேகம் குறையாது, மூன்றாவது இடம் நிச்சயம். மாதப்பன் தானாக மண்ணுக்குப் போவான். மண்ணுக்கு அப்புறம் டயர்ச் சுவர். அதிகாரிகள் வீடியோவைப் பார்த்து, பந்தயத்தில் நடப்பதுதான் என்று மறுபடியும் எழுதுவார்கள்.

லாரி இடது பக்கம் போகத்தான் பார்த்தது. வண்டியின் மொத்த எடையும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது போலிருந்தது. வேலு ஸ்டியரிங்கை நெஞ்சோடு கட்டிப் பிடித்து வலப்பக்கமே நிறுத்தினான். டயர் கதறியது. வேகம் செத்தது. ரெண்டு கதவுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. அந்த ஒரு முழம் வளைவு முடிகிற வரைக்கும் அப்படியே இருந்தது.

நேர்ப்பாதையில் மாதப்பன் அரை வண்டி நீளம் முன்னால் போனான். கோட்டைத் தாண்டினார்கள்.

பொன்ராசு ஓடிவந்து கதவைத் திறந்தான். "நாலுண்ணா" என்றான் மெதுவாக. வழக்கமாக ஒரு கேலி வரும். வரவில்லை.

வேலு தலையாட்டினான். இறங்கினான். அப்படியே டயரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

நஸ்ரீன் வந்து எதிரில் குந்தி உட்கார்ந்தாள். அவன் ஹெல்மெட்டின் வாரை அவளே அவிழ்த்துவிட்டாள்.

"மேனேஜர் கேக்கறாரு. அகலமா விட்டிருந்தா மூணாவது வந்திருக்கலாமேன்னு. எதுக்குங்கண்ணா புடிச்சீங்க?"

"பயமா இருந்துச்சுங்க."

"எதைப் பாத்து?"

வேலு மாதப்பனின் லாரியைப் பார்த்தான்.

"பக்கத்துல ஒரு ஆள் இருந்தாருங்க, அம்மிணி."